அனுராதபுரத்துக்கு வழி கேட்டவருக்கு

1

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர் இந்தப் பத்திரிகை வழியாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். இலங்கைக்கு வருகிறவர்கள் கூட்டத்தோடு கூட்டமாக இழுபடாமல், தாங்களாகவே திட்டம் போட்டுக்கொண்டு, புத்தளம், அனுராதபுரம், மன்னார் போன்ற பழைய ஊர்களை ரயிலிலும் பஸ்ஸிலும் பார்த்து வரலாமா? அங்கேயே குடியிருக்கிற சூசை விவரமாக எழுதினால் உபகாரமாக இருக்கும் என்கிறார்.

ஐயா, நீர் கேட்டது சரியான ஆளிடம்தான். ஊரில் இருந்தபோதே என்னை ரயில் பைத்தியம் என்பார்கள். தூத்துக்குடி ஸ்டேஷனில் எந்த வண்டி எப்போது வரும், மணியாச்சியில் எதற்காக நிற்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு வேலையும் இல்லாமல் போய் நின்று வண்டி பார்த்துவிட்டு வருவேன். இங்கே வந்தும் அந்தப் புத்தி போகவில்லை. ஆனால் நீர் கேட்ட இதே பாதையை நான் போன வருஷம் இதே மாதம் திட்டம் போட்டேன். அதற்குப் பிறகு ரயில் கூவுகிற சத்தம் கேட்டால் நான் வேறு பக்கம் திரும்பி நடந்துவிடுகிறேன். கேட்டுவிட்டீர், சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்லி முடித்ததும் நீர் வருத்தப்பட்டால் என்னைத் திட்டாதேயும்.

முதலில் பாதை. கொழும்பிலிருந்து புத்தளத்துக்கு ரயில் உண்டு. நீர்கொழும்பு, சிலாபம் என்று தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஆடி அசைந்து வரும். சிலாபத்தில் இறங்கினால் முன்னேஸ்வரம் கோயில் பக்கம்தான். புத்தளத்தில் கடல் ஏரியைப் பார்க்கலாம். தோணி பிடித்து அந்தப் பக்கம் கற்பிட்டிக்குப் போனால் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை இருக்கிறது. புத்தளத்தோடு தண்டவாளம் முடிந்து போகும். அதற்கு வடக்கே காடு. மன்னாருக்கு எலுவன்குளம் வழியாக ஒரு வண்டிப்பாதை உண்டு. மடுமாதா கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு, யானைக்குப் பயந்து பயந்து, நாள்கணக்கில் அதில் போவார்கள். அனுராதபுரத்துக்கு என்றால் பஸ். அங்கே வேறொரு ரயில் பாதை கிடக்கிறது. அது கொழும்பிலிருந்து தலைமன்னார் துறைக்குப் போவது. நம் கரையிலிருந்து அந்தத் துறைக்குக் கப்பலில் வருகிறவர்கள் எல்லோரும் அந்த ரயிலில்தான் வந்தாக வேண்டும்.

ஆக, ஒரு ரயில் புத்தளத்தில் வந்து நிற்கிறது. மற்ற ரயில் அனுராதபுரத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் காட்டையும் அதில் ஓடும் ஒரேயொரு பஸ்ஸையும் நம்பித்தான் பிழைக்க வேண்டும்.

2

நான் இங்கே ஓர் உப்பு முதலாளியின் கிட்டங்கியில் வேலை பார்க்கிறேன். அங்கேயும் உப்பு, இங்கேயும் உப்பு. தூத்துக்குடி உப்பளத்தில் பாளம் பாளமாக மின்னியதைத்தான் இங்கேயும் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, வந்த புதிதில் இது அந்நிய தேசம் என்றே எனக்குத் தோன்றவில்லை. மனைவி செசீலியையும் மூத்த மகள் லூர்துவையும் கூட்டிக்கொண்டு வந்தேன். கொழும்பு வரை ரயில், கொழும்பிலிருந்து புத்தளத்துக்கும் ரயில். லூர்து அப்போது தத்தித் தத்திப் பேசும் பிள்ளை.

பிறகு மலேரியா வந்தது. அந்த வருஷத்தைப் பற்றி நீங்கள் ஊரில் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். நாங்கள் பக்கத்து வீட்டில் பார்த்தோம், எதிர் வீட்டில் பார்த்தோம். ஒருநாள் லூர்து பாயில் கிடந்து பல் கிட்டி நடுங்கியபோது எங்கள் வீட்டிலும் பார்த்தோம். பிழைத்துவிட்டாள். ஆனால் மறுபடி வந்தால் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஊருக்குப் போகும் உறவுக்காரர் ஒருவரோடு அவளை அனுப்பிவைத்தோம். செசீலியின் அக்கா அந்தோனியம்மாளுக்குப் பிள்ளை இல்லை. காய்ச்சல் அடங்கும் வரை வைத்திருக்கட்டும் என்பதுதான் ஏற்பாடு.

காய்ச்சல் அடங்கிற்று. பிள்ளையைத் திரும்பக் கொண்டுவரத்தான் வழி கிடைக்கவில்லை. முதலில் செசீலிக்கு இரண்டாவது பிரசவம். இங்கே பிறந்தவள் ஆனி. பிறகு எனக்கு வேலை போய் வந்தது. பிறகு கடல் தாண்ட அனுமதி வேண்டும் என்று அந்தக் கரையில் சட்டம் வந்தது, இந்தக் கரையில் சட்டம் வந்தது. நான் ஊருக்கு வந்து அழைத்துக்கொண்டு போகலாம் என்றால், போனவன் திரும்பி வர விடுவார்களா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கடல் தாண்டுகிறவர்களை நிறுத்திவைக்கும் மண்டபத்து முகாமில் எத்தனை நாள் உட்கார வேண்டுமோ அதுவும் தெரியாது. அதுவரை உன் வேலை காத்திருக்காது என்று முதலாளி முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ஆபீசை இங்கே கந்தோர் என்பார்கள். பிள்ளையை வரவழைக்க அனுமதி கேட்டு ஒரு கந்தோருக்குப் போனேன். அங்கே இருந்தவர் மரியாதையான மனிதர்.

"பிள்ளை இங்கே பிறந்ததா?"

"இல்லிங்க, தூத்துக்குடியில."

"அப்ப இங்க வரவேண்டிய காரணம் என்ன?"

"நான் அவளோட தகப்பன்."

"அது உறவு. நான் கேக்கிறது காரணம். காரணத்தை எழுதிக்கொண்டு வாரும்."

என்ன எழுதுவது? பிள்ளை தாயோடு இருக்க வேண்டியதற்குக் காரணம் கேட்டால் யாரால் எழுத முடியும்? இருந்தாலும் எழுதிக்கொண்டு போனேன். அந்தக் கரையிலிருந்து முதலில் ஒரு சம்மதம் வரட்டும் என்றார். அந்தக் கரையில் விசாரித்தால் இந்தக் கரைச் சம்மதம் முதலில் வேண்டும் என்றார்கள். இரண்டு பேரும் வாசலில் நின்றுகொண்டு, நீங்கள் முன்னே போங்கள் என்று ஒருவருக்கொருவர் உபசாரம் செய்த கதைதான்.

அதற்குள் யுத்தமும் தொடங்கிவிட்டது. லூர்து அங்கே பெரியம்மாவை அம்மா என்று கூப்பிடுகிறாள் என்று கேள்விப்பட்டோம். செசீலி அன்று அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தாள், சோறு குழைந்து போயிற்று. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்களிடம் லூர்துவின் படம்கூட ஒன்று கிடையாது.

3

இந்த நிலைமையில் போன வருஷம் அந்தோனியம்மாள் கடிதம் போட்டாள். மடுமாதாவின் ஆகஸ்டு மாதத் திருநாளுக்கு நம் ஊரிலிருந்து ஒரு கூட்டம் வருகிறது. உபதேசியார் தலைமை. எல்லாருக்கும் சேர்த்து ஒரே அனுமதிச் சீட்டு. வந்த தலைகள் அத்தனையும் ஒன்றாகவே திரும்பிக் கப்பல் ஏற வேண்டும், யாரும் பிரிந்து எங்கும் போகக் கூடாது. அந்தக் கூட்டத்தில் அவளும் லூர்துவும் வருகிறார்கள். திருநாள் முடிந்து கப்பல் ஏறுவதற்கு முன் ஒரு காலைப்பொழுது மட்டும் கூட்டத்தார் அனுராதபுரம் பார்க்கப் போகிறார்கள். விடிகாலை ரயிலில் வந்து, நடுப்பகல் ரயிலில் தலைமன்னாருக்குத் திரும்புவார்கள்.

செசீலி கடிதத்தை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"ஒரு தடவ எம் மொகத்தப் பாத்துட்டாள்னா போதும்ங்க. அப்புறம் கடலு என்ன, சட்டம் என்ன? நான் இன்னாருன்னு அவளுக்குத் தெரிஞ்சிருமில்ல?"

எனக்கும் அதுதான் எண்ணம். சண்டை இன்னும் பெரிதாகும், கடல் இன்னும் இறுகும் என்று பேப்பரில் வந்துகொண்டிருந்தது. பத்து வயதுப் பெண். இனி எப்போது பார்ப்போம், அப்போது அவள் யாராக இருப்பாள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இந்த ஒரு காலைப்பொழுதை விட்டால் எங்களுக்கு மகள் இல்லை என்று மனசுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

மடுவுக்கே போய்விடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆகஸ்டு மாதம் உப்பு வாரும் காலம். ஒரு மேகம் திரண்டால் முதலாளிக்கு உயிர் போய்விடும். தவம் கிடந்து ஒரே ஒரு நாள் லீவு வாங்கினேன். கொழும்பு சுற்றி ரயிலில் போனால் அந்த நாள் கொழும்பிலேயே கழிந்துவிடும். அதனால் பஸ் என்று முடிவு செய்தேன். விடியும்போது புத்தளத்தில் ஏறினால் வெயில் ஏறுவதற்கு முன்னால் அனுராதபுரம். பிறகு நடுப்பகல் வரை பிள்ளையோடு இருக்கலாம். அத்தோடு விட எனக்கு மனமில்லை. அவர்கள் ஏறும் அதே ரயிலில் நாங்களும் சீட்டு வாங்கி ஏறி, தலைமன்னார் வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து போவது, கப்பல் புறப்படும் வரை துறையில் நிற்பது, பிறகு இரவோடு இரவாக வண்டி பிடித்துத் திரும்புவது. வேலைக்குச் சற்றுப் பிந்தினால் முதலாளியின் வசவை வாங்கிக்கொள்வது. என் ஆயுளில் நான் போட்ட திட்டங்களிலேயே அழகான திட்டம் அது.

அந்தோனியம்மாளுக்கு எழுதினேன். மற்றவர்கள் ஊர் பார்க்கப் போகட்டும். நீங்கள் இருவரும் ஸ்டேஷனை விட்டு நகர வேண்டாம், நாங்கள் அங்கேயே வந்துவிடுகிறோம் என்று.

ஆனிக்குத்தான் ஆயிரம் கேள்வி. அவள் புத்தளத்துப் பிள்ளை. எங்கள் பேச்சு அவளிடம் ஒட்டவே இல்லை. பக்கத்து வீட்டுக் கதீஜா ராத்தாவின் பிள்ளைகளோடு வளர்ந்தவள். ராத்தா என்றால் அக்கா. தெருவில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"அக்கா எங்கட மாதிரிக் கதைப்பாவா?" என்றாள்.

"உங்கடயாம், எங்கடயாம். நம்மள மாதிரிப் பேசுவாளான்னு கேளு," என்றாள் செசீலி.

"ஓம், அதத்தான் கேட்டேன். பேசுவாவா?"

செசீலி அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு பிள்ளைக்கு நம் முகம் தெரியாது, இன்னொரு பிள்ளைக்கு நம் வாய் தெரியாது, நல்ல பிழைப்பு பிழைக்கிறோம் என்றாள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

4

பஸ் மஜீது நானாவுடையது. நானா என்றால் அண்ணன். ஓட்டுவதும் அவரே. முதல்நாள் சாயந்தரம் அவர் கடைக்குப் போய் இடம் சொன்னேன்.

"எத்தின பேரு?"

"மூணு பேரு."

"பொஞ்சாதியும் வாறாவா?"

"ஆமா நானா. கட்டாயம் போயாகணும். மகளப் பாக்கப் போறோம்." விஷயம் முழுவதையும் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது.

"அப்ப சரி. நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வேணாம். எல்லாம் நான் பாத்துக்கிறேன்."

இதற்கு மேல் என்ன வேண்டும்? சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. விடிவதற்கு முன்பே இரண்டு பேரையும் எழுப்பிக் கிளப்பினேன். பஸ் வருவதற்கு முன்னால் கடைவீதியில் போய் நின்றுவிட வேண்டும், முதல் ஆளாக ஏற வேண்டும். தெருவைச் சுற்றிப் போனால் தூரம் என்று அளத்து வரப்பு வழியாகவே நடத்திக் கூட்டிப்போனேன். செசீலி கோயிலுக்குக் கட்டும் சேலை கட்டியிருந்தாள். சேறு படாமல் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான் இதுவரை காணாத வேகத்தில் எனக்கு முன்னால் நடந்தாள்.

கடைவீதியில் நான் எப்போதும் ஏறும் இடத்தில் நின்றோம். வேறு சிலரும் நின்றார்கள், எல்லாரும் ஆண்கள். எங்களைக் கண்டதும் பேச்சை நிறுத்தி, மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பாண் என்கிற ரொட்டி விற்கும் கடைக்காரர் ஒரு கதிரையைக் கொண்டுவந்து செசீலிக்குப் போட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று நினைத்தேன்.

விடிந்தது. பஸ் வரவில்லை. வெயில் வந்தது. பஸ் வரவில்லை. பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். "வந்திரும், வந்திரும். பொம்புள ஆக்கள ஏத்திக்கிட்டுத்தானே வரணும்," என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. எங்கோ தூரத்தில் ஹார்ன் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி வேறு திசையில் கேட்டது. செசீலி கதிரையிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். நான் தெருமுனைக்கும் அவளுக்கும் நடுவே நடந்து நடந்து செருப்பு வார் அறுந்துபோயிற்று.

கடைசியில் பஸ் வந்தது. மஜீது நானா எங்களைக் கண்டதும் பிரேக் போட்டுக் குதித்து இறங்கினார்.

"அல்லாவே! இங்கயா நிக்கிறீங்க? உங்கட வாசல்ல நிண்டு ஹோன் அடிச்சி அடிச்சிக் கையெல்லாம் நொந்துபோச்சி! கதீஜா ராத்தா வந்து, வெள்ளென்ன போயிட்டாங்க எண்டு சொன்னா. கோச்சிப் பைத்தியம், ஸ்டேசனுக்குப் போயிட்டாராக்கும் எண்டு அங்க ஓடினேன். மறுகா அளத்துப் பக்கம் தேடினேன். மறுகா உங்கட கோயிலடிக்கும் போய்ப் பாத்துட்டு வாறேன்!"

"எங்க வீட்டுக்கு ஏன் நானா வந்தீக?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பொஞ்சாதி வாறா எண்டு சொன்னீங்களே!"

அப்போதுதான் தெரிந்தது. புத்தளத்தில் பஸ்ஸுக்கு ஆண்பிள்ளைகள்தான் வீதிக்கு வந்து நிற்பார்கள். பெண்பிள்ளை பயணம் போகிறாள் என்றால் பஸ் அவள் வாசலுக்கே போகும். ஏற்றிக்கொண்டு, பின்பக்கம் திரை போட்ட இடத்தில் உட்காரவைத்து, எல்லாப் பெண்களும் ஏறிய பிறகே கடைவீதிக்கு வரும். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? இத்தனை வருஷத்தில் நான் செசீலியை ஒரு தடவையாவது பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு எங்காவது போயிருந்தால்தானே தெரியும். நான் போனதெல்லாம் தனியாக, முதலாளியின் வேலையாக. அவள் போனதெல்லாம் கோயில், கிணறு, ஆஸ்பத்திரி.

வீதியில் நின்ற ஆண்களைக் கேட்டேன், நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று. ஒருவர் தலையைச் சொறிந்தார்.

"உங்கட ஆக்கள்ட வழக்கம் இப்பிடியாக்கும் எண்டு நெனச்சோம். அடுத்த மனுசன்ட பொஞ்சாதி விசயத்துல நாங்க எப்பிடிக் கதைக்கிற?"

யார் மேல் கோபப்படுவது? ஒருவரும் எங்களுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் தங்கள் பயணத்தை விட்டுவிட்டு எங்களை ஊர் முழுக்கத் தேடியிருக்கிறார்கள். ஒரு பெண்ணை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பதற்காக. ஒருவராவது என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

5

செசீலி திரைக்குப் பின்னால் பெண்களோடு. நான் முன்னால் ஆண்களோடு. அவள் முகத்தைப் பார்க்க வழியில்லை. ஆனி மட்டும் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா என்ன செய்றா?"

"அழுவல்ல. செபமால சொல்லிக்கிட்டு இரிக்கா. ராத்தாமாரும் என்னமோ ஓதுறாங்க."

மஜீது நானா, "பிடிச்சிரலாம், பிடிச்சிரலாம்," என்று சொல்லிக்கொண்டே விரட்டினார். பழைய பஸ். அது தாங்குகிற வேகம் அவருக்குத் தெரியும், அன்று எங்களுக்காகத்தான் அதை மறந்தார். இரண்டு பக்கமும் காடு, செம்மண் புழுதி. காலா ஓயா ஆற்றுக்கு முன்னால் ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி சீறிக்கொண்டு வந்தது. வண்டியை நிறுத்தினார். கொதிப்பு அடங்காமல் மூடியைத் திறக்க முடியாது. ஆண்கள் எல்லாரும் வாளி, டின், கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் ஓடினேன். கோடைகாலம், ஆற்றில் தண்ணீர் நடுவிலேதான் கொஞ்சம் கிடந்தது. மணலில் கால் புதைய, பாதித் தண்ணீர் சிந்த, மேலே ஏறி வரும்போது எனக்குச் சூரியனைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அங்கே நின்றபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. தூத்துக்குடி ஸ்டேஷனில் வண்டியைத் தவறவிட்டு ஓடி வருகிறவர்களைப் பார்த்து நான் எத்தனை தடவை சிரித்திருக்கிறேன்! கொஞ்சம் முன்னால் கிளம்பினால் என்ன கேடு என்பேன். அன்று நான் எல்லோருக்கும் முன்னால் கிளம்பியவன்.

மறுபடி வண்டி ஓடியது. அனுராதபுரத்துக்குள் நுழைந்ததும் பெண்களை அவரவர் இறங்கும் வீட்டில் விட்டுவிட்டுப் போவதுதான் முறை. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நானா, எங்கள மறுகா எறக்கலாம். மொதல்ல இந்த உம்மாவ ஸ்டேசனுக்குக் கொண்டு போங்க!"

எல்லாக் குரல்களும் சேர்ந்துகொண்டன. தூரத்தில் தாதுகோபங்கள் என்னும் பெரிய புத்த ஸ்தூபிகள் மரங்களுக்கு மேலே தெரிந்தன. உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து பார்க்கும் ஊர். அவற்றைப் பற்றி எழுதச் சொல்லித்தான் வாசகர் கேட்டிருக்கிறார். நான் பார்க்கவில்லை ஐயா. அவை எப்படி இருந்தன என்று எனக்குத் தெரியாது.

6

பிளாட்பாரம் காலியாக இருந்தது. ஒருவர் பெருக்கிக்கொண்டிருந்தார். தலையில் ஒரு மூட்டையோடு, சாமான் தூக்கும் ஆள் ஒருவர் எதிரே வந்தார். தூத்துக்குடிக் கூட்டம் எங்கே என்று அவரைக் கேட்டேன். வவுனியாப் பக்கத்து மனிதர் என்று பேச்சில் தெரிந்தது.

"தூத்துக்குடிக் கூட்டமோ? இப்பத்தான் ஐயா வெளிக்கிட்டது."

"அடுத்த வண்டி?" என்றாள் செசீலி.

அவர் தலையசைத்தார். அடுத்த வண்டி போய்ச் சேரும்போது கப்பல் போயிருக்கும். அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியாத வண்டியா? தண்டவாளம் வளைந்து மரங்களுக்குள் போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் தண்டவாளத்தின் மேல் ஓடிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

"நீங்கள் புத்தளமோ?" என்று அந்த மனிதர் மெதுவாகக் கேட்டார். "ஒரு பெட்டைப்பிள்ளை விடியத் தொடக்கம் இதிலதான் நிண்டது. பெரியவ ஒருத்தி வாங்கில இருந்தவ. மற்ற ஆக்கள் எல்லாம் ஊர் பாக்கப் போட்டினம். இது போகேல்ல. வாசலால ஆர் வந்தாலும் ஓடிப் போகும். பொம்பிளையள் எண்டால் கிட்டப் போய், 'நீங்க எங்க அம்மாவா' எண்டு கேக்கும். முதல் தமிழ் ஆக்களிட்டக் கேட்டது. பிறகு பிறகு சிங்கள ஆக்களிட்டயும் கேட்டது. கோயிலுக்கு வந்த கிழவி ஒண்டு, பாவம், விளங்காமல் தலையைத் தடவிப்போட்டுப் போச்சு. ரயில் கூவின பிறகும் ஏறமாட்டன் எண்டு நிண்டது. அந்தப் பெரியவதான் தூக்கி ஏத்தினவ."

செசீலி அழுவாள் என்று நினைத்தேன். அவள், வாங்கு என்று அவர் சொன்ன அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஆனி அவள் மடியில் சாய்ந்துகொண்டாள். செசீலி அந்த மனிதரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ எப்படிய்யா இருந்தா?"

"எப்பிடியெண்டால்...?"

"கறுப்பா, செவப்பா? ஒல்லியா இருந்தாளா? முடி நெறைய இருந்துச்சா?"

அவர் யோசித்தார். "முடி... ஓம், ரெண்டு பின்னல். மெல்லிசான பிள்ளை. நிறம் உங்களைப் போலதான் அம்மா." அத்தோடு நிறுத்திக்கொண்டார். திருநாள் காலம், எத்தனையோ பிள்ளைகள் வந்துபோகும் ஸ்டேஷன். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"கண்ணு?"

"கண்... நல்ல பெரிய கண்."

"கன்னத்துல குழி விழுமா?"

அவர் என்னைப் பார்த்தார். "ஓம் அம்மா, விழும்."

"சிரிச்சாளா?"

"ஓம், சிரிச்சவ."

எந்தப் பிள்ளை அந்த நிலையில் சிரிக்கும்? அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. செசீலிக்கும் தெரியாமலா இருக்கும்? ஆனால் அவள் வாங்கின் நுனிக்கு வந்துவிட்டாள், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள்.

"இன்னும் சொல்லுங்கய்யா."

அவர் தலையிலிருந்த மூட்டையை இறக்கிக் கீழே வைத்தார். அவளுக்கு முன்னால் தரையில் குந்திக்கொண்டு, லூர்து எப்படி நடந்தாள், எப்படிப் பேசினாள், என்ன சாப்பிட்டாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். நான் தடுக்கவில்லை. பக்கத்தில் நின்று நானும் கேட்டேன்.